தானாக விழுந்தாள்

வளர்மதிக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பது தெரியும். சாயங்காலம் லேப்பிலிருந்து ஹாஸ்டலுக்குப் போய், அந்தச் செயற்கைக் காலைக் கழற்றும்போது முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாய். போன மாதம் ஊருக்கு வந்தபோது நான் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டாய். நான் வெளியேதான் நின்றிருந்தேன். முகாமில் இலவசமாகக் கொடுத்த கால் அது, உன் அளவுக்குச் செய்ததில்லை. உன் அளவுக்குச் செய்த, கனமில்லாத காலுக்காகத்தான் இந்த நஷ்ட ஈட்டுக் கேஸ். அந்தக் காலும் ஆயுசுக்கு ஒன்று போதாது, தேயத் தேய மாற்ற வேண்டும் என்று சேலத்து டாக்டர் சொன்னார். ஆகவே இந்தக் கேஸ் தோற்றால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வரும் வியாழக்கிழமை நான் கூண்டேற வேண்டும். அங்கே ஒரு விஷயம் கேட்பார்கள். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் உன் பெயருக்கு எதிரே ‘ஸ்கூட்டியில் சென்றபோது தானாக விழுந்தாள்’ என்று எழுதியிருக்கிறதே, அப்படிச் சொன்னது யார் என்று. மாமா சொன்னார் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். போன வாய்தாவில் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு அதையே சொன்னாய். அதற்கான பதிலை, கறுப்புக் கோட்டுக்காரர்கள் நடுவில் நீ முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சத்துணவு மையத்தில் இருபத்தெட்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. என் வாயைவிட இது கொஞ்சம் யோக்கியமானது. அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி. ஆனால் முழுக்கப் படி.

உன் அப்பா போனபோது உனக்கு நாலு வயது. அதற்கப்புறம் நமக்கு ஆம்பளைத் துணை என்று இருந்தது என் அண்ணன், உன் மாமா ஒருவர்தான். உனக்குக் காது குத்தியது அவர் மடியில். நீ அலறிய அலறலில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஊசி யாருக்கய்யா குத்தினார்கள் என்று எல்லாரும் கேலி பண்ணினார்கள். நீ லேப் டெக்னீஷியன் படிக்க சேலம் போனபோது பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான். அவர் மகனுக்கு உன்னைக் கேட்டு வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. உன்னைக் கேட்டேனா? கேட்டேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். உண்மையில் பரிசம் போடத் தேதி குறித்துவிட்டு வந்து, ‘மாமா வூட்டுக்குத்தான் போற, அதுக்கு இன்னா’ என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் வசதி.

தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். லேப்பை ஆறரைக்குத் திறக்க வேண்டும் என்று நீ விடியும் முன்பே கிளம்பினாய். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை வளைவில் மாமாவின் டிராக்டர், டிப்பர் நிறையக் கரும்போடு, டயர் வெடித்து ரோட்டு நடுவில் நின்றிருக்கிறது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. வண்டி பழுதாகி நின்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைகூட ஒரு தழையை ஒடித்துப் பின்னால் போடும், நாலு கல்லை வைக்கும். அதைக்கூட அவர் செய்யவில்லை. ஆலையில் வரிசை போய்விடும் என்ற அவசரத்தில் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நீ நேராகப் போய் மோதினாய். உன் ஸ்கூட்டிக்கும் டிப்பரின் இரும்புக்கும் நடுவில் உன் வலது கால் மாட்டிக்கொண்டது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் நடந்தது. இதை இப்படியே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

போன் வந்து நான் தலைவிரி கோலமாக ஓடிவந்தபோது, கரும்பு ஏற்றுவதற்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சடையன் தன் துண்டை உன் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுதான் உன் உயிரைப் பிடித்து வைத்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். பால் வண்டியை மறித்து உன்னை ஏற்றினோம். உன் தலை என் மடியில், கால் மாமா மடியில். சடையன் பின்பக்கம் தொற்றிக்கொண்டு வந்தார். வழி நெடுக மாமா ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ‘நானே கொன்னுட்டனே பாப்பா, நானே கொன்னுட்டனே.’ எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நீ பிழைக்க வேண்டும் என்று தோன்றியது. அது பொய்யில்லை. ஆனால் டவுன் எல்லை வந்ததும் வேறொன்றும் தோன்றியது. விளக்கில்லாத வண்டியை நடு ரோட்டில் விட்டது அண்ணன். போலீஸ் வந்தால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், பங்குனியில் கல்யாணம் நடக்காது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மடியில் ஒரு சதை துடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு சதைக்காக ஆடினேன் நான்.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மேசையில் ஒரு சின்ன வயசு டாக்டர், உன் வயதுதான் இருக்கும், பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்படி ஆச்சு என்று கேட்டார். மாமாவின் வேட்டி முழுக்க ரத்தம். அவர் முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டார். ‘ரோட்டுல என் வண்டிதாங்க சார்...’ என்று ஆரம்பித்தார்.

நான் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ‘இல்ல சார், பனியில ரோடு தெரியாம தானா வுழுந்துட்டா’ என்றேன்.

டாக்டர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வண்டி எதுவும் மோதவில்லையா என்று திரும்பவும் கேட்டார். அந்தப் பிள்ளை எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது, வளரு. நான் இல்லை என்றேன். எழுதினார், படித்துக் காட்டினார். நான் தலையாட்டினேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. உன் மாமா வாயைத் திறந்தார், நான் மூடினேன். அவ்வளவுதான் நடந்தது. ரிஜிஸ்டரில் ஏறியது இறங்காது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். முட்டைக் கணக்கில் ஒரு அடித்தலுக்கு விளக்கம் எழுதச் சொல்லி உதவியாளரை அழ வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் உன் காலை இரண்டு சொல்லில் அடித்துவிட்டேன்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று எனக்கு ஒரு சமாதானம் உண்டு. டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது, கொடுக்க வேண்டியது கம்பெனிதான், அண்ணனுடைய நிலம் போய்விடாது என்பது எனக்கு அன்று தெரியாது. கேஸ் என்றால் ஜெயில் என்றுதான் தெரியும். நம் பக்கத்தில் எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும். அடிபட்டவனும் அடித்தவனும் சொந்தமாக இருந்தால், ஆஸ்பத்திரியில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தான், மாமரத்திலிருந்து விழுந்தான் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பேசித் தீர்த்துக்கொள்வோம். அப்படிச் சொல்வது உறவைக் காப்பது என்று நினைப்பு. நாளைக்கு உன் கண்ணெதிரே யாருக்காவது இப்படி நடந்தால், நீ வேலை பார்க்கும் இடத்திலேயே எத்தனையோ பேர் வருவார்கள், நடந்ததைச் சொல்லச் சொல். அண்ணனாக இருந்தாலும் புருஷனாக இருந்தாலும் முதல் மணி நேரத்தில் சொல்லச் சொல். பேசித் தீர்த்துக்கொள்கிறவர்கள் யாரும் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நடக்கப் போவதில்லை.

ஆனால் தெரியாமைதான் முழுக் காரணம் என்றால் நான் உனக்கு மூன்றாம் நாளே சொல்லியிருப்பேன். சேலத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றி, அங்கே உன் காலை எடுத்துவிட்டார்கள். நீ கண் திறந்ததும் முதலில் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, லேப் சாவி உன் பையில் இருக்கிறது, கொடுத்தனுப்பு என்றாய். கல்யாணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது நான்தான். மாசியில் அண்ணி வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். உரித்துக் கொடுத்துக்கொண்டே, ‘வயக்காட்டு வூட்டுக்கு வர்ற பொண்ணு, நாலு வேலைக்கு ஓடணுமில்ல’ என்றாள். அண்ணன் வாசலில் செருப்போடு நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. அவரும் யோக்கியரில்லை. ஆஸ்பத்திரியில் நான் மூடிய வாயை அவர் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. ஆவணியில் மகனுக்கு நைனார்பாளையத்தில் பெண் எடுத்தார்.

கல்யாணம் நின்ற பிறகுதான் எனக்கு நியாயம் ஞாபகம் வந்தது. இதை எழுதக் கூசுகிறது. பங்குனியில் உன்னை அந்த வீட்டுக்கு நொண்ட நொண்ட அழைத்துப் போயிருந்தால், அந்தப் பொய்யை நான் சாகும்வரை கட்டிக் காத்திருப்பேன். நாலு மாதம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் அண்ணன் வண்டிதான் என்று எழுதிக் கொடுத்தேன். போலீஸ் போய்க் கேட்டபோது அவர் ஆமாம் என்றார். மறுக்கவில்லை. அதையே இப்போது இன்சூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அண்ணனும் தங்கையும் கூடிப் பேசி ஜோடித்த கேஸ், உண்மையில் பெண் தானாகத்தான் விழுந்தாள், ஆஸ்பத்திரியில் முதலில் சொன்னதுதான் நிஜம் என்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

நம் வக்கீல் ரிஜிஸ்டர் நகலைக் காட்டிய அன்று, யார்மா இப்படிச் சொன்னது என்று நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், மாமாதான் என்றேன். நாக்கில் ஒரு தடங்கலும் இல்லை. பழகிவிட்டது போல. அதை நீ கூண்டில் ஏறி அப்படியே ஒப்பித்தாய். நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்களே, எப்படித் தெரியும் என்று அந்த வக்கீல் கேட்டார். ‘எங்க அம்மா சொன்னாங்க. எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க’ என்றாய். நான் வெளியே வராந்தாவில் இருந்தேன். உள்ளே இருந்து நம் குமாஸ்தா வந்து இதையெல்லாம் சொல்லி, பொண்ணு கெட்டியா சொல்லிச்சும்மா என்று சந்தோஷமாகச் சொன்னார். 

சடையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாட்சிக்கு அவரைத் தேடி நான் வெள்ளிமலை பஸ் பிடித்துப் போனேனே, அன்று திரும்பி வந்து, முட்டி வலி என்று உன்னிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டேன். முட்டி வலி இல்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து அவர் கொட்டாயைக் கண்டுபிடித்தேன். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. புள்ள நடக்குதா என்று மட்டும் கேட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். மண்வெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, ‘அன்னிக்கு ஒங்கண்ணன் சொல்லத்தான வந்தாரு. நீதானம்மா வுடல’ என்றார். பிறகு அவரே கேட்டார். ‘இப்ப நான் கோர்ட்டுல இன்னா சொல்லணும்?’

பார்த்ததைச் சொன்னால் போதும் என்றேன்.

‘பாத்தது எல்லாத்தையுமா?’

அவர் குத்திக் கேட்கவில்லை, வளரு. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வண்டி நின்றதையும் நீ மோதியதையும் சொன்னால் போதும், மற்றது வேண்டாம் என்றேன். அவர் மறுபடி களை எடுக்கக் குனிந்துகொண்டார். சொன்ன நாளில் முதல் பஸ்ஸுக்கு இறங்கி வந்தார். டிப்பரில் லைட் இல்லை, தழை போடவில்லை, புள்ள வந்து மோதிச்சு, நான் துண்டால கட்டினேன் என்று பிசகாமல் சொன்னார். ஆஸ்பத்திரி விஷயத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. பஸ் காசு வாங்கிக்கொண்டார், கறிச் சோறு வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார். கை கழுவும்போது, ‘கேக்கல, சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், பாத்துக்க’ என்றார். ஒரு வெளி ஆளுக்கு இருக்கும் மானம் பெற்றவளுக்கு இல்லை.

இந்த வருஷம் ஆடியில் மாமா போனார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நீ வர மாட்டேன் என்றாய், நான் கட்டாயப்படுத்தவில்லை. நான் போய்க் கடைசியில் நின்றேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. தூக்குவதற்கு முன் என் காதருகே வந்து, ‘ஊரே காறித் துப்பிச்சு, ஆஸ்பத்திரியில பொய் சொன்னவன்னு. நீ சொன்னதுன்னு ஒரு வார்த்தை வெளிய வுடல உங்கண்ணன்’ என்றாள்.  அவருக்கு அது பிராயச்சித்தமாக இருந்திருக்கலாம், அல்லது வெட்கமாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் என் பொய்யை அவர் தன் தலையில் வைத்துக்கொண்டே போனார்.

இப்போது வக்கீல் சொல்வது இதுதான். போன வாரம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். உன் பொண்ணு சொன்னதையே நீயும் சொல், நீ மயக்கம் போட்டு விழுந்துவிட்டாய், உன் அண்ணன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படி எழுத வைத்தார் என்று சொல், அவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை என்றார். கேஸுக்கு அது நல்லதாம். வண்டிக்காரன் பொய் சொன்னான் என்றால் யாரும் நம்புவார்கள். அம்மாவே பொய் சொன்னாள் என்றால், அன்று அண்ணனுக்காகப் பொய் சொன்னவள் இன்று மகளுக்காகச் சொல்ல மாட்டாளா என்று ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்களாம். கேஸ் தள்ளுபடி ஆனாலும் ஆகலாம், யோசித்துக்கொள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. உனக்குக் கால் கிடைக்க வேண்டும் என்றுதான் அவரும் சொல்கிறார்.

யோசித்தேன். செத்தவருக்கு ஒரு பொய்யால் என்ன குறைந்துவிடப் போகிறது, என் மகளுக்கு ஒரு கால் கிடைக்கிறதே என்றும் யோசித்தேன். நான் ஒன்றும் பெரிய அரிச்சந்திரன் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படித்தானே ஆரம்பித்தேன். உன் நல்லதுக்கு என்று சொல்லித்தான் உன் கல்யாணத்தைப் பேசினேன். உன் நல்லதுக்கு என்று சொல்லித்தான் டாக்டரிடம் பேசினேன். மனுவில் ‘கல்யாண வாய்ப்பு போனதற்கு’ என்று ஒரு வரி சேர்க்கலாம், அதற்கும் நஷ்ட ஈடு உண்டு என்று வக்கீல் சொன்னபோது, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்து வாங்கிவிட்டேன். கோர்ட்டில் அந்த ஆள், நொண்டியாக இருப்பதால்தான் மாப்பிள்ளை வேண்டாம் என்றானா, வேறு காரணம் உண்டா என்று உன்னைக் கேட்க வழி பண்ணிக் கொடுத்தவள் நான். வெளியே வந்து நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். ‘என்னப் பத்தி என்னக் கேட்டுட்டு எழுதுமா.’ அதற்கப்புறம் நீ டவுனிலேயே ஹாஸ்டல் பார்த்துக்கொண்டாய்.

காலை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்று பஸ் ஸ்டாப்பில் உன் காதுபடப் பேசினார்களாமே. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறோம், பிச்சை இல்லை. கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. கேட்ட விதத்தில்தான் நான் தவறினேன். அது என் கணக்கு, உன்னுடையது இல்லை. அடுத்த வருஷம் எனக்கு ரிடையர்மென்ட். அதற்கப்புறம் என் சம்பளமும் இல்லை. இந்தக் கேஸ் என்னால் போனால், உன் காலுக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகவே இந்தத் தடவை உன்னைக் கேட்கிறேன். கால் உன்னுடையது, கேஸ் உன்னுடையது. என்னைக் கூண்டேற்ற வேண்டாம் என்று நீ நினைத்தால் புதன்கிழமைக்குள் ஒரு போன் போடு, காரணம் சொல்ல வேண்டாம். நான் வர மாட்டேன், வக்கீல் வேறு வழி பார்க்கட்டும். போன் வராவிட்டால் வருவேன். வந்தால் ஒன்றைத்தான் சொல்வேன். என் அண்ணன் நிஜத்தைச் சொல்ல வந்தார், அவர் கையைப் பிடித்து இழுத்துப் பொய் சொன்னவள் நான், என் மகளுக்கு இது தெரியாது, அவள் கூண்டில் சொன்னது நான் அவளுக்குச் சொன்ன பொய் என்று சொல்வேன். சடையனை மறுபடி கூப்பிட்டு, பார்த்தது எல்லாவற்றையும் கேளுங்கள் என்றும் சொல்வேன். நம்புவார்களா என்று தெரியாது.

நீ வந்தால் வராந்தாவில் நிற்காதே. உள்ளே வா, முதல் பெஞ்சில் நான் பார்க்கிற மாதிரி உட்கார். அன்று உன்னைப் பற்றி நான் பேசியபோது நீ நினைவில்லாமல் கிடந்தாய். இந்தத் தடவை கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிரு.

அம்மா